தளர்ந்த ஆடைகள்

யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பமொன்றின் வரலாற்றை அறிய விரும்பும் ஒருவர் அவ்வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தாற் போதும். கீழ்த்தட்டில் அன்றாடம் உடுப்பவை இருக்கும். நடுத்தட்டில் கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் உரியவை இருக்கும். மேற்றட்டிலோ, நெப்தலின் உருண்டை மணக்க, இனி ஒருவரும் உடுத்தமாட்டாதவையும் ஒருவருக்கும் கொடுக்க மனம் வராதவையும் மடிந்து கிடக்கும். நல்லூருக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் அத்தகைய மேற்றட்டொன்று இரண்டு ஆண்டுகளாக நிரம்பிக்கொண்டே வந்து, ஈற்றில் நடுத்தட்டையும் பிடித்துக்கொண்டது. அங்கு கிடந்தவை ஒன்பது நீளக் காற்சட்டைகளும் பதினாறு சேட்டுகளும் நான்கு இடுப்புப்பட்டிகளும் ஆகும். அவற்றுக்கு உரியவர் இறந்துபோனவரல்லர், வெளிநாடு சென்றவருமல்லர். ஒவ்வொரு நாட் காலையும் அதே அலுமாரிக்கு முன்னால் நின்று உடைமாற்றி அலுவலகம் செல்பவர். ஆனால் அந்த உடைகளை நிரப்பி நின்ற உடல் இப்போது அவரிடம் இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். பழைய வழக்கிற் சொல்வதாயின் இலிகிதர். 2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவரது நிறை 104 கிலோகிராம். இருபது மாதங்களின் பின்னர் அது 71 ஆகியது. குறைந்தது 33 கிலோகிராம். அதாவது கடையில் விற்கும் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையொன்றும், அதற்கு மேல் இன்னும் எட்டுக் கிலோவும். அவ்வளவு பாரத்தையும் அவர் முன்பு மாடிப்படியிலும் பேருந்திலும் கோயில் வீதியிலும் சுமந்து திரிந்தார் என்பதை இப்போது எண்ணும்போது அவருக்கே வியப்பாக இருக்கிறது. இடுப்பின் சுற்றளவு 44 அங்குலத்திலிருந்து 34 அங்குலமாக இறங்கியது.

2025 ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அவர் அந்த உடைகளையெல்லாம் இறக்கிக் கட்டிலின்மேற் குவித்தார். சமையலறையிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உதுகளை ஏன் இப்ப வெளியாலை எடுக்கிறியள்? கிடக்கட்டுமன். சோறு தண்ணியே கேக்குது?"

"இடம் பிடிக்குதெல்லே. ஆருக்கும் குடுத்தால் உதவும்."

"உயிரோடை இருக்கிற மனிசன்ரை உடுப்பை அலுமாரியாலை அள்ளிக் கட்டி வெளியிலை அனுப்பிறதே? அது செத்தவீட்டுக்குப் பிறகு செய்யிறது."

அவர் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் உடைகளைத் திரும்ப எடுத்து அடுக்கவும் இல்லை. அன்று மாலைவரை அவை கட்டிலிலேயே கிடந்தன. ஒரு குவியல் பழந்துணியைப் பற்றி இரண்டு மனிதர் இவ்வளவு தீவிரமாக எண்ணவேண்டியது ஏன் என்பது புறத்தே நின்று பார்ப்பவர்க்கு விளங்குவது கடினம். அதற்கான விடை அத்துணிகளிலே தொடங்கி நெடுந்தூரம் செல்கிறது.

உடல் மெலிந்த கதை சுருக்கமானது. குதிக்காலில் ஏற்பட்ட சிறு புண்ணொன்று ஒரு மாதமாகியும் ஆறவில்லை. குருதியைச் சோதித்தபோது நீரிழிவு என்று தெரிந்தது. இலங்கையில் இது அருமையான செய்தியன்று. 2005-2006 காலப்பகுதியில் நாடளாவிய முறையில் நடத்தப்பட்ட ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோருள் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்ததாகக் காட்டியது. நீரிழிவின் வாசலில் நின்றோரையும் சேர்த்தால் அத்தொகை ஐவரில் ஒருவர் என்றாயிற்று. தெற்காசியரின் உடல், குறைந்த பருமனிலேயே இந்நோய்க்கு இடங்கொடுத்துவிடுகிறது. உடற்றிணிவுச் சுட்டி 25 ஐத் தாண்டினால் மிகைநிறை என்பது பொதுவான அளவு. ஆனால் ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே ஆபத்துக் கூடுகிறது என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துக்காட்டியது. அவரது சுட்டியோ அப்போது 37 ஐ அண்மித்திருந்தது.

மருத்துவர் அவரிடம் கூறியது ஒன்றுதான்: மாத்திரையை விழுங்கிக்கொண்டு இப்படியே இருக்கலாம், அல்லது நிறையைக் கணிசமாகக் குறைத்தால் நோயே அடங்கிப்போகக்கூடும். அது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. பிரித்தானியாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2017 இல் வெளிவந்தன. கட்டுப்பாடான உணவுமுறையாற் பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களுள் 86 வீதத்தினருக்கு ஓராண்டின் முடிவில், மருந்தில்லாமலே, நீரிழிவு தணிந்திருந்தது. அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். இரண்டு கோப்பைச் சோறு அரைக் கோப்பையாகியது. காலையில் எட்டு இடியப்பம் மூன்றாகியது. குரக்கன் பிட்டென்றால் எவ்வளவும் உண்ணலாம் என்ற நம்மவரின் நம்பிக்கையையும் மருத்துவர் உடைத்தார், அதுவும் மாப்பொருள்தான். இலைவகையும் மீனும் கூடின. தேநீரிலிருந்து சீனி நீங்கியது. விடியற்காலையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதியைச் சுற்றி நடந்தார். முதல் மாதம் இரண்டு சுற்று, பின்னர் நான்கு, ஆறு என்று.

உடல் மெலியத் தொடங்கியபோது ஊரவர் மகிழ்ச்சியடைவர் என அவர் எதிர்பார்த்தார். அவர் கேட்டதோ வேறு. "என்ன அண்ணை, நல்லா மெலிஞ்சு போனியள்? ஏதும் வருத்தமே?" என்று சந்தியிற் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி வினவினார். முதிய உறவுக்காரி ஒருவர் அவரது கன்னத்தைத் தடவி, "உன்னை இப்பிடிப் பாக்க வயிறு பத்துது ராசா. அவள் ஒழுங்காச் சாப்பாடு தாறேல்லையே?" என்று கேட்டார். அதைக் கேட்டு நின்ற மனைவியின் முகம் வாடியதை அவர் கண்டார். பெரிய சேட்டுக்குள் சிறிய உடல் அசைவதைப் பார்த்தவர்கள் நோயையும் கடனையும் குடும்பச் சச்சரவையும் கற்பனைசெய்தார்களேயன்றி, விடியற்காலை நடையை ஒருவரும் கற்பனைசெய்யவில்லை.

இதிலே ஊரவரைக் குறைகூறுவதற்கு இல்லை. மெலிவைத் துன்பத்தின் அடையாளமாகக் காண்பது தமிழ் மனத்திற்கு நெடுங்காலப் பழக்கம். தலைவனைப் பிரிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து கழலுவது அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் மரபு. திருக்குறளின் 124 ஆம் அதிகாரமாகிய உறுப்புநலனழிதல், தோள் மெலிவதையும் தொடி நெகிழ்வதையும் பிரிவுத் துயரின் சாட்சியங்களாகக் கொள்கிறது. அணிந்தது தளர்ந்தால் அகத்திலே ஏதோ உடைந்துவிட்டது என்பதே அந்த இலக்கியம் நமக்குக் கற்பித்த பாடம். தானாக விரும்பி, நலம் நாடி மெலிந்தவனுக்கு அம்மரபில் இடமில்லை. அவனது தளர்ந்த ஆடையை வாசிக்கத் தெரியாமல் ஊர் தடுமாறுவதில் வியப்பென்ன?

ஆனால் ஊரவரைவிட அதிகமாகத் தடுமாறியவர் அவரேதான். தளர்ந்த ஆடையை அவர் முன்பும் ஒருமுறை அணிந்திருந்தார்.

1990 இலிருந்து வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருளும் சவர்க்காரமும் மின்கலமும் கிடைத்தற்கரியனவாயிருந்த அக்காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அனைவரும் சைக்கிள் மிதித்தார்கள். பருத்த இளைஞனைக் காண்பதே அரிது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. மழையில், நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த இலட்சக்கணக்கானோருள் அவரும் தாயும் தங்கைமார் இருவரும் இருந்தார்கள். கொடிகாமத்துக்கு அண்மையிற் பாடசாலை வகுப்பறையொன்றில் ஆறு குடும்பங்களுடன் மாதக்கணக்கில் தங்கினார்கள். நிறை 49 கிலோவுக்கு வந்தது. இடுப்புப்பட்டியில் இருந்த ஓட்டைகள் போதாமல் ஆணியைச் சூடாக்கிப் புதிய ஓட்டைகள் போட்டுக்கொண்டார். நிவாரணத்துக்கு வந்த உடைக் குவியலிலிருந்து அவருக்குக் கிடைத்த சேட்டுக்குள் அவரைப் போல இருவர் புகலாம். அதனை அணிந்துகொண்டு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற சிறுவனொருவன் சிரித்ததை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

1996 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வீடு திரும்பியபின் தாயார் ஒரு விரதம் பூண்டவர்போல அவருக்கு உணவிட்டார். முட்டை ஒன்று கிடைத்தால் அது மகனுக்கு. கன்னத்தில் சதை பிடித்தபோது, "இப்பதான் என்ரை பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றார். மகனின் உடம்பு தேறத் தேற, இடப்பெயர்வின் ஒவ்வொரு மாதத்தையும் அவர் அழித்துக்கொண்டிருந்தார் எனலாம். 2019 இல் இறக்கும்வரையும் அவர் மகனின் பருமனைப் பற்றி ஒரு குறையேனும் சொன்னதில்லை. பருமன் என்பது அந்தத் தாய்க்குப் போர் தோற்றதன் அடையாளம்; பசி தோற்றதன் அடையாளம். அவ்வாறு கட்டியெழுப்பப்பட்ட உடலை மகன் ஐம்பத்துநான்காவது வயதில், வேண்டுமென்றே, கிலோக் கிலோவாக இறக்கிவைத்தான். 44 அங்குலக் காற்சட்டையைக் கையிலெடுக்கும்போது அவருக்குத் தாயின் முகம் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அந்த உடைகளின் வரலாற்றை அறிந்த இன்னொருவர் நகரத்திலே இருக்கிறார். எழுபத்தைந்து வயதான தையற்காரர். ஒற்றைக் கதவுக் கடையில், காலால் மிதிக்கும் இயந்திரத்துடன் இன்றும் தைக்கிறார். வாடிக்கையாளரின் அளவுகளை எழுதிவைக்கும் கொப்பிகளை அவர் எறிவதில்லை. அவற்றிலே நமது இலிகிதரின் இடுப்பு ஒரு சரித்திர நூலைப் போலப் பதிவாகியிருக்கிறது. 1996 இல் 28 அங்குலம். 2001 இல், கலியாணத்துக்குத் தைத்தபோது 31. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து பொருள்கள் தடையின்றி வந்தன. மறு ஆண்டு சைக்கிளை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினார். 2004 இல் 35. பின்னர் 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008 இலும் அதே 35. போர் 2009 இல் முடிவுற்றது. 2011 இல் 39. 2016 இல் 42. 2022 இல் 44. ஒரு மனிதனின் இடுப்புச் சுற்றளவுக்கும் நாட்டின் பாதைகளுக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு உண்டென்று வரலாற்று மாணவர் எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

உடல் மெலிந்த முதலாண்டில், காற்சட்டைகளைச் சிறுப்பிக்கலாமா என்று கேட்பதற்கு அவர் அக்கடைக்குச் சென்றிருந்தார். தையற்காரர் ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"தம்பி, இரண்டு அங்குலம், மிஞ்சினால் மூண்டு அங்குலம் பிடிக்கலாம். பத்து அங்குலம் பிடிச்சால் பின்பொக்கற் இரண்டும் நடுவிலை வந்து முட்டும். அது பிறகு லோங்ஸ் இல்லை, சாக்கு."

அவர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து மேற்றட்டில் வைத்தார். வைத்ததற்குச் சொன்ன காரணம், நல்ல துணி வீணாகக்கூடாது என்பது. சொல்லாத காரணம், அவை மீண்டும் தேவைப்படலாம் என்பது.

அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. உடற் கொழுப்பு, கொழுப்புக் கலங்களில் சேமிக்கப்படுகிறது. வளர்ந்தவர் மெலியும்போது அக்கலங்கள் சுருங்குகின்றனவேயன்றி எண்ணிக்கையிற் குறைவதில்லை. ஆண்டுதோறும் அவற்றுள் ஏறத்தாழப் பத்திலொன்று அழிந்து, அதே அளவு புதிதாகத் தோன்றுகிறது என்பதைச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தைச் சேர்ந்தோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே மெலிந்தவரின் உடலுக்குள்ளும் ஓர் அலுமாரி இருக்கிறது. அதிலே வெறுமையான கலங்கள் மடித்துவைத்த ஆடைகளைப் போல் மீள்நிறைவுக்குக் காத்திருக்கின்றன. இன்னுமொன்று: மெலிந்த உடல் தன் புதிய நிறைக்கு வேண்டிய சக்தியைவிடவும் குறைவாகவே செலவிடுகிறது என்பது 1995 இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்றிலே புலனாயிற்று. பசியைத் தூண்டும் ஓமோன்களின் மாற்றம் நிறை குறைந்து ஓராண்டு சென்ற பின்னரும் நீடிக்கிறது என 2011 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் அறிவித்தனர். அவர் பட்டினி கிடந்த அதே 1995 இல், உடல் தன் இழப்பை மறப்பதில்லை என்பதை உலகின் மறுகோடியில் விஞ்ஞானிகள் அளந்து அறிவித்திருந்தார்கள். உடலைப் பொறுத்தவரை, இடம்பெயர்ந்தவனின் பட்டினியும் நோயாளியின் உணவுக் கட்டுப்பாடும் ஒன்றுதான். இரண்டையும் அது பஞ்சம் என்றே கணக்கில் எழுதுகிறது.

மெலிந்த உடல் எல்லாவற்றையும் விட்டுவிடுவதில்லை என்பதை அவர் நல்லூரிலும் உணர்ந்தார். அக்கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றியே செல்லவேண்டும். பருத்திருந்த காலத்தில் வாசலைக் கடக்கும்போதே சால்வையை இடுப்பிற் சுற்றி வயிற்றை மறைப்பது அவரது வழக்கம். 2024 ஆம் ஆண்டு மகோற்சவத்தில், இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்துடன் சேட்டைக் கழற்றினார். வயிறு இல்லைதான். ஆனால் வயிற்றைச் சுமந்த தோல் இருந்தது. மடிப்பு மடிப்பாக, மேற்கைகளிலும் தொங்கிற்று. நீண்ட காலம் விரிந்திருந்த தோல் முற்றாகச் சுருங்குவதில்லை. சத்திரசிகிச்சையின்றி அது நீங்காது. அலுமாரியிலிருப்பவற்றைக் கொடுத்துவிடலாம், இந்த ஓர் ஆடையை எவருக்கும் கொடுக்கமுடியாது. கூட்டத்தின் நடுவே அவர் சால்வையை மீண்டும் சுற்றிக்கொண்டார்.

இவ்வளவிற்கும் பின்னர், உடைகளை வெளியேற்றும் முடிவுக்கு அவர் வந்தது எவ்வாறு? அதற்குக் காரணம் ஒரு தோல்வி. 2024 மார்கழியில் மழை விடாது பெய்தது. காலை நடை நின்றது. தைப்பொங்கலும் தை மாதத்துக் கலியாணங்களும் தொடர்ந்து வந்தன. வீட்டிலே அவர் சாரம் உடுப்பவர். சாரமும் வேட்டியும் சேலையும் அளவறியாத ஆடைகள். தையலில்லாத அல்லது ஒரே தையலுள்ள அத்துணிகள் 49 கிலோவையும் 104 கிலோவையும் ஒரேவிதமாக ஏற்றுக்கொள்ளும். பெருந்தன்மையான ஆடைகள், ஆகையினாலேயே அவை எச்சரிப்பதில்லை. அலுவலகத்துக்கு அணியும் 34 அங்குலக் காற்சட்டை மட்டும் ஒருநாட் காலை பொத்தானில் முரண்டுபிடித்தது. அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, மேற்றட்டிலிருந்து பழைய 39 அங்குலக் காற்சட்டையை எடுத்து, பட்டியால் இறுக்கிக்கொண்டு சென்றார். அன்று முழுவதும் மிக வசதியாக இருந்தது. மறுநாளும் அதையே அணிந்தார். மூன்று கிழமைகள் சென்றன. மருத்துவரிடம் வழமையான சோதனைக்குப் போனபோது தராசு 75 என்றது.

நான்கு கிலோ பெரிதன்று. ஆனால் அந்த மூன்று கிழமைகளின் வசதி அவரைக் கலக்கியது. அளவுக் கொப்பியிலே 28 எவ்வாறு 44 ஆகியது என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. ஒருநாளிலும் அவர் பருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காற்சட்டை இறுகியபோது, அதைவிடச் சற்றே பெரிய இன்னொன்று ஆயத்தமாக இருந்தது, அவ்வளவுதான். மேற்றட்டு ஒரு காப்புறுதி என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது திரும்பிச் செல்வதற்கான படிக்கட்டாக இருந்தது. ஒவ்வோர் உடையும் ஒரு படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அவற்றைக் கட்டிலில் குவித்தார்.

மனைவியின் மறுப்புக்கும் ஒரு வரலாறு இருந்தது. 1997 இல் அவரது தகப்பனார் புற்றுநோயால் இறந்தார். இறப்பதற்கு முந்திய ஐந்து மாதங்களில் அவரது சேட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததை மகள் கண்டிருந்தார். அந்தியேட்டி முடிந்த பின்னர் தாயார் அந்தச் சேட்டுகளையெல்லாம் ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டி வெளியே கொடுத்தார். மூட்டை படலையைக் கடந்தபோதுதான், இனி அவர் வரமாட்டார் என்பது வீட்டுக்கு விளங்கியது. அன்று கற்றதை மகள் மறக்கவில்லை. சேட்டுத் தளர்ந்தால் அடுத்தது மூட்டை. மூட்டைக்குப் பின்னர் வெறுமை. கணவனின் உடல் மெலிந்த இருபது மாதங்களும் அவர் வாய்திறந்து சொல்லாமல் அந்த ஒழுங்குக்கே அஞ்சிக்கொண்டிருந்தார். மருத்துவரின் அறிக்கைகளில் குருதிக் குளுக்கோசின் அளவு இறங்கி வந்ததை அவர் அறிவார். அறிக்கை அறிவுக்கு, மூட்டை நெஞ்சுக்கு.

இதனை அவர் அன்று மாலைதான் சொன்னார். விளக்கு வைத்தபின் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, ஒரு சேட்டை மடித்துக்கொண்டே சொன்னார். இருபத்துநான்கு ஆண்டு மணவாழ்வில் அந்த ஐந்து மாதங்களைப் பற்றி அவர் பேசியது அதுவே முதற்றடவை. கணவர் தன் பங்குக்கு நிவாரணச் சேட்டைப் பற்றியும், சிரித்த சிறுவனைப் பற்றியும் சொன்னார். அதுவும் முதற்றடவைதான். துணிக் குவியல் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"நீர் சொல்லுறது விளங்குது. அப்ப என்ன செய்வம்?" என்று கேட்டார்.

மனைவி நெடுநேரம் பேசாதிருந்து, மடித்த சேட்டை மீண்டும் விரித்தார். வெள்ளைச் சேட்டு, கழுத்துப் பட்டி மட்டும் சற்றே மங்கியது. "முழுசாக் குடுக்க வேண்டாம். வெட்டித் தைச்சுக் குடுப்பம்" என்றார். "கோயில் ஒழுங்கையிலை தேப்பனில்லாத பெடியள் மூண்டு பேர் இருக்கினம். பள்ளிக்கூடம் துடங்கிறதுக்கு உடுப்புக் காணாதெண்டு தாய் சொன்னவ."

இறந்தவரின் ஆடையை முழுதாகத்தான் கொடுத்துவிடுவார்கள். யாரும் அதனை வெட்டிப் புதிதாகத் தைத்துக் கொடுப்பதில்லை. கத்தரி பட்டால் அது இறந்தவரின் மூட்டையாகாது என்று அந்தப் பெண் தன் மனத்துக்குள் ஒரு சாத்திரத்தை எழுதிக்கொண்டார். வேறெந்த நூலிலும் இல்லாத அந்தச் சாத்திரம் இருவருக்கும் போதுமானதாயிருந்தது.

மறுநாள் இருவருமாக மூட்டையைத் தையற்காரரிடம் கொண்டு சென்றார்கள். ஒன்பது காற்சட்டைகளில் ஐந்து கடும்நீலம். பதினாறு சேட்டுகளில் எட்டு வெள்ளை. பாடசாலைச் சிறுவர்க்கு வேண்டிய நிறங்கள். முதியவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேய்ந்த தொடைப்பகுதியைச் சோக்கால் விலக்கிக் கோடிட்டார்.

"நல்ல துணி தம்பி. ஒரு லோங்ஸிலை சின்னப் பெடியனுக்கு ஒரு களிசான் தாராளமா வரும். சேட்டிலை முதுகுப் பக்கம் ஒண்டே காணும்."

எஞ்சிய நிறச் சேட்டுகளையும் நான்கு காற்சட்டைகளையும் பற்றிப் பெரிய விவாதம் நடக்கவில்லை. பருமனான உடலுக்கேற்ற உடை கடையில் இலகுவாகக் கிடைப்பதில்லை என்பதை அவரைப் போல் அறிந்தவர் யார்? தையற்காரரிடம் வரும் பருத்த வாடிக்கையாளர் ஒருவருக்கு அவை பொருந்தும் என்றார் முதியவர். மேற்றட்டில் ஒரே ஒரு பொருள் மட்டும் எஞ்சியது. பழைய இடுப்புப்பட்டி ஒன்று. கடையில் வாங்கியபோது இருந்த ஐந்து ஓட்டைகளுக்கு அப்பால், உடல் மெலிய மெலிய ஆணியாற் போட்ட ஏழு ஓட்டைகள் அதில் ஒழுங்கற்ற வரிசையாக இருந்தன. ஆணியைச் சூடாக்கும் வித்தையை அவர் கொடிகாமத்தில் கற்றிருந்தார். அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்கவில்லை.

கடையை விட்டுப் புறப்படுமுன் தனக்கும் ஒரு காற்சட்டை தைக்கவேண்டும் என்றார். முதியவர் நாடாவைச் சுற்றினார். கொப்பியைத் திறந்து 44 என்ற எண்ணுக்குக் கீழே 35 என்று எழுதினார். பழைய எண்களில் ஒன்றையும் அவர் வெட்டவில்லை. பின்னர், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வழமையாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உள்ளுக்குத் துணி விட்டுத் தைக்கட்டே தம்பி? பிறகு தேவைப்பட்டால் பிரிச்சு விடலாம்."

முன்னைய ஆண்டுகளில் அக்கேள்விக்கு அவர் சொன்ன விடை, "எவ்வளவு விடலாமோ அவ்வளவும் விடுங்கோ" என்பதாகும். இம்முறை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனிதன் தன் உடலின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு; அச்சத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். இரண்டையும் அளந்து பார்த்தவர்போலச் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

"ஒரு அங்குலம் விடுங்கோ. அதுக்கு மேலை வேண்டாம்."